60 பேரை இரண்டு குரூப்பாகப் பிரிக்க ஓபி எண் ஒற்றைப்படை, இரட்டைப்படை போதாதா?

முட்டிவலி_பிஜி:

வணக்கம். பிசியோதெரபி முதுநிலை இரண்டாம் வருடம் படிக்கிறேன். தீசிஸுக்கு முழங்கால் தேய்மானம் உள்ள 60 பேரை எடுக்கிறேன். 30 பேருக்கு வழக்கமான தொடைத்தசைப் பயிற்சி, மீதி 30 பேருக்கு அதோடு இடுப்புத்தசைப் பயிற்சியும் சேர்த்து, ஆறு வாரம் கழித்து வலி எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். யார் எந்தக் குரூப் என்று எப்படிப் பிரிப்பது என்று கைடிடம் கேட்டதற்கு, "ஓபி சீட்டு எண் ஒற்றைப்படை என்றால் ஒன்று, இரட்டைப்படை என்றால் இன்னொன்று, இதில் என்ன இருக்கிறது" என்றார். சீனியர்கள் பலரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் எத்திக்ஸ் கமிட்டியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரேண்டம் வரிசையை எப்படி உருவாக்குவீர்கள், அதை எப்படி மறைத்து வைப்பீர்கள் என்று இரண்டு தனித்தனிக் கேள்வி. முதலாவது புரிகிறது. இரண்டாவதுதான் தலைகால் புரியவில்லை. பயிற்சி செய்கிறவருக்கே தான் என்ன செய்கிறோம் என்று தெரியப் போகிறது, இதில் எதை மறைப்பது?

அப்புறம், பூவா தலையா போட்டால் போதுமா? பிளாக் பிளாக்காகப் பிரி என்கிறார்களே, அது என்ன? எனக்கு 30-30 கண்டிப்பாக வர வேண்டும். புள்ளியியல் எனக்கு வேப்பங்காய், கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள்.

எண்கணக்கன்:

கமிட்டி கேட்டதில் இரண்டாவது கேள்விதான் பெரியது, அதனால் அதிலிருந்தே வருகிறேன். மறைப்பது என்று அவர்கள் சொல்வது பிளைண்டிங்கை இல்லை. சிகிச்சை தொடங்கிய பிறகு யாருக்கு எது என்று தெரியாமல் வைத்திருப்பது பிளைண்டிங். உங்கள் ஆய்வில் நோயாளியிடம் அது நடக்காது (கடைசியில் வலியை அளக்கிறவருக்காவது தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது முடியும்). அவர்கள் கேட்பது அலொகேஷன் கன்சீல்மென்ட், அது அதற்கு முந்தைய நிமிடத்தைப் பற்றியது. எதிரே ஒரு பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார், அவரை ஆய்வில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள், சேர்ந்தால் எந்தக் குரூப்புக்குப் போவார் என்பது அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே ஆய்வு கெட்டுவிட்டது.

ஓபி எண்ணில் நடப்பது அதுதான். சீட்டு அவர் கையில் இருக்கிறது, 4412, இரட்டைப்படை, இடுப்புப் பயிற்சிக் குரூப். அவரோ தாங்கித் தாங்கி நடந்து வந்திருக்கிறார். "பாவம், இவரால் அதெல்லாம் செய்ய முடியாது" என்று உங்களுக்கே தெரியாமல் மனது சொல்லும், தகுதிப் பட்டியலில் ஏதாவது ஒரு காரணம் கண்ணில் படும், அவரை விட்டுவிடுவீர்கள். இதே அம்மா 4413-ஆக வந்திருந்தால் சேர்த்திருப்பீர்கள். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் முப்பது முப்பது பேர் முடியும்போது ஒரு குரூப்பில் நன்றாக நடக்கிறவர்கள் கூடியிருப்பார்கள். கொஞ்சம் கூடுதல் இரக்கம் உள்ள ஆளாக இருந்தால் "ஒரு டீ குடித்துவிட்டு வந்து சீட்டுப் போடுங்கள்" என்று அனுப்பி வைக்கவும் கூடும். ஆள் மாற்றி ஆள், நாள் மாற்றி நாள், பிறந்த தேதி, எல்லாவற்றுக்கும் இதே வியாதிதான். 1896-97-இல் கோபன்ஹேகனில் ஃபிபிகர் என்ற மருத்துவர் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயாளிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சீரம் ஊசி கொடுத்து ஒப்பிட்டார், அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், இன்று அதைச் செய்தால் கமிட்டி திருப்பித்தான் அனுப்பும்.

இரக்கம் கெடுத்த ஆய்வுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷையர் பால் சோதனை, 1930. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபதாயிரம் பேர், அதில் பத்தாயிரம் பேருக்கு நான்கு மாதம் தினமும் முக்கால் பைண்ட் (ஏறக்குறைய 425 மில்லி) பால், மீதிப் பேருக்குக் கிடையாது, உயரமும் எடையும் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். பிரித்தது சீட்டுக் குலுக்கியோ பெயரின் அகர வரிசைப்படியோதான், சரி. ஆனால் ஒரு பக்கம் நல்ல போஷாக்கான பிள்ளைகளோ மெலிந்த பிள்ளைகளோ அதிகம் சேர்ந்துவிட்டால் ஆசிரியர்கள் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை கொடுத்துவிட்டார்கள். ஆசிரியர்கள் என்ன செய்திருப்பார்கள்? நோஞ்சான் பிள்ளைகளைப் பால் பக்கம் தள்ளிவிட்டார்கள் போல, சோதனை தொடங்கும்போதே பால் குடிக்காத குரூப் உயரத்திலும் எடையிலும் மேலே இருந்தது. அதோடு பிப்ரவரிக் குளிரில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை, உடுத்திய துணியோடு எடை போட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை குளிருக்குக் கனமான கோட்டு போட்டு வந்து ஜூனில் அதைக் கழற்றிவிட்டால் கணக்கில் எடை ஏறியதே தெரியாது, ஏழைப் பிள்ளைக்குக் கழற்றக் கோட்டே இல்லை. அடுத்த வருடமே கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காஸெட் (டி டெஸ்ட் படித்திருப்பீர்களே, அந்த "ஸ்டூடண்ட்" இவர்தான்) இதையெல்லாம் எடுத்து வைத்து, இத்தனை ஆயிரம் பேருக்குப் பதிலாக ஒரே மாதிரி இரட்டையர்கள் ஐம்பது ஜோடி போதும் என்று எழுதினார். இருபதாயிரம் பேர் இருந்தும் காப்பாற்றவில்லை என்பதை உங்கள் கைடிடம் சொல்லிப் பாருங்கள்.

இப்போது பூவா தலையா. தப்பே இல்லை, ஆனால் உங்களுக்கு 30-30 வேண்டுமே. 60 தடவை சுண்டினால் சரியாக 30-30 விழ ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்புதான். 60 பேர் என்றால் 27-33 ஆனாலும் குடி முழுகிப்போய்விடாது, ஆனால் 20 பேர் ஆய்வில் 7-13 அல்லது அதைவிட மோசமாக விழ நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சிலர் "ஒரு பக்கம் 30 நிரம்பும் வரை சுண்டுவேன், பிறகு வருகிறவர்கள் எல்லாம் அடுத்த பக்கம்" என்பார்கள். அப்போது கடைசியில் வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், மறுபடி 4412 கதைதான். சுண்டுவதில் இன்னொரு தொல்லை, பிடிக்காத முடிவு வந்தால் "கீழே விழுந்துவிட்டது, இன்னொரு தடவை" என்று சொல்ல யாராலும் முடியும். சாட்சி கிடையாது.

பிளாக் என்பது அதற்கு வழி. நான்கு பேரை ஒரு கட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு அ, இரண்டு ஆ. எழுதக்கூடிய விதம் ஆறுதான்: அஅஆஆ, அஆஅஆ, அஆஆஅ, ஆஆஅஅ, ஆஅஆஅ, ஆஅஅஆ. ஆறு என்பதால் ஒரு தாயக்கட்டை இருந்தால்கூடப் போதும் (நம் நீளத் தாயக்கட்டை இல்லை, லூடோ டைஸ்). 15 தடவை உருட்டினால் 60 பேருக்கும் வரிசை தயார், சரியாக 30-30. ஆனால் உங்கள் ஆய்வில் பிளைண்டிங் இல்லையே, கட்டு நான்கு என்று தெரிந்த ஒருவர் இதுவரை வந்ததைக் கணக்கு வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டிலும் கடைசி ஆள் எப்போதும் தெரியும், முதல் இருவரும் ஒரே பக்கம் விழுந்தால் அடுத்த இருவருமே தெரியும். கூட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60-இல் சராசரியாக 20 பேர் எங்கே போவார்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடலாம். அதனால் கட்டின் அளவையும் கலந்துவிடுங்கள்: நாலு பேர் கட்டு ஆறு, ஆறு பேர் கட்டு ஆறு, 24-ம் 36-ம் 60. எந்தக் கட்டு எப்போது வரும் என்பதையும் குலுக்கிப் போட்டுவிட்டு, அளவு என்ன என்று உங்களுக்கே சொல்லக்கூடாது. வரிசையைத் தயாரிப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும், உங்கள் கல்லூரி புள்ளியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

எக்செலில் ரேண்ட் (RAND) என்ற ரேண்டம் எண் ஃபார்முலா போட்டுச் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. எந்தச் செல்லைத் தொட்டாலும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், வந்தவுடன் மதிப்பை மட்டும் காப்பி செய்து ஒட்டிவிடுங்கள். ஆர் மென்பொருளில் என்றால் தொடக்கத்தில் கொடுக்கும் சீட் (seed) எண்ணையும் எழுதிய கட்டளையையும் குறித்து வைத்தால் போதும், யார் எப்போது கேட்டாலும் அதே வரிசை மறுபடி வரும்.

ஓய்வுபெற்ற_கோஆர்டினேட்டர்:

வரிசை எல்லாம் அருமையாகப் போட்டுவிடுவார்கள், கவரில்தான் கோட்டை விடுவார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலி மருந்து பற்றிய ஆய்வு, 80 கவர், தபால் கவர் சைஸில் வெள்ளை நிறத்தில் வாங்கி ஒட்டி வைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்க்கிறேன், 16-ஆம் எண் கவர் ஒட்டியபடி இருக்கிறது, 17-ஆம் எண் கவர் பிரித்திருக்கிறது. விசாரித்தால், ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் உள்ளே இருக்கும் எழுத்து நிழலாகத் தெரிகிறது, டாக்டர் ஒருவர் தன் நோயாளிக்குப் புது மருந்து கிடைக்கட்டும் என்று ஒன்று தள்ளி எடுத்திருக்கிறார். நல்ல மனுஷர், அதுதான் பிரச்சினையே. அதுவரை சேர்த்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

அதற்குப் பிறகு நான் செய்த முறை இது. பழுப்புத் தடிக் கவர், உள்ளே சமையலறை அலுமினியத் தாள் மடித்து வைத்து, அதற்குள் சீட்டு, சீட்டின் மேல் ஒரு துண்டு கார்பன் பேப்பர். கவரின் வெளியே 1, 2, 3 என்று எண் மட்டும். நோயாளி சம்மதக் கையெழுத்துப் போட்டு, தகுதி எல்லாம் சரிபார்த்து, முதல் நாள் வலி அளவும் எழுதின பிறகுதான் அடுத்த எண் கவரைக் கையில் எடுக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்பே கவர் மேல் நோயாளியின் ஆய்வு எண், தேதி, நேரம் எழுதி அழுத்திக் கையெழுத்து. கார்பன் வழியாக அது உள்ளே இருக்கும் சீட்டிலும் பதிந்துவிடும், பிறகு யாரும் "இது அவருக்குப் பிரித்தது இல்லை, இவருக்கு" என்று மாற்ற முடியாது. பிரித்த கவரையும் தூக்கிப்போடக் கூடாது. கவர்க் கட்டு உங்களிடம் இருக்கவே வேண்டாம், ஓபி சிஸ்டரிடமோ ஃபார்மசியிலோ கொடுத்து வையுங்கள், தேவைப்படும்போது போன் செய்து கேட்டால் அவர் பிரித்துச் சொல்லட்டும். பெரிய ஆய்வுகளில் கம்ப்யூட்டர் வழியாக ஒரு மைய அலுவலகம் இதைச் செய்கிறது, தீசிஸுக்கு அந்தச் செலவெல்லாம் தேவையில்லை.

இன்னொன்று, சிடிஆர்ஐ (இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் தளம்) பதிவில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது, வரிசை எப்படி உருவாக்கினீர்கள் என்று ஒன்று, எப்படி மறைத்தீர்கள் என்று ஒன்று. 2018 ஏப்ரலிலிருந்து முதல் ஆளைச் சேர்த்த பிறகு பதிவு செய்ய முடியாது, அதனால் இதை முடிவு செய்யாமல் ஆளைச் சேர்க்கத் தொடங்கிவிடாதீர்கள்.

குடவோலை:

கோஆர்டினேட்டர் சொன்னதைப் படித்ததும் உத்திரமேரூர் கல்வெட்டுதான் ஞாபகம் வந்தது. பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தியது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவதை எல்லாரும் பாடத்தில் படித்திருப்போம், அதற்கு மேல் உள்ள விவரத்தைப் பாருங்கள்: குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பையன்தான் எடுக்க வேண்டும், ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலையை வைத்திருந்து மாற்றிவிடக் கூடாது என்பதற்குத்தானே அது? கமிட்டிக்கு இதையே எழுதிக் கொடுத்துவிடலாம் போல.

எண்கணக்கன்:

பையனும் விரலும் பிரமாதம். ஆனால் குடத்தில் நன்றாகக் குலுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, பலர் கோட்டை விடுவது அங்கேதான். 1969 டிசம்பரில் அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்று பிறந்த தேதிகளை 366 குப்பிகளில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். மாத வரிசையில் கொட்டி அரைகுறையாகக் கலந்ததால் நவம்பர், டிசம்பரில் பிறந்த பையன்களின் தேதிகள் அளவுக்கு மீறி முன்னாலேயே வந்துவிட்டன. அதனால் 60 சீட்டை மடித்து டப்பாவில் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

முட்டிவலி_பிஜி:

எல்லாருக்கும் நன்றி, பால் கதையைக் கைடிடம் சொன்னேன், சிரித்துவிட்டு "சரி, கவரே போடு" என்றார். இன்னும் இரண்டு சந்தேகம். எக்ஸ்ரேயில் தேய்மானம் இரண்டாம் கிரேடு உள்ளவர்களும் மூன்றாம் கிரேடு உள்ளவர்களும் வருவார்கள். மூன்றாம் கிரேடு எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால்? வயது, ஆண் பெண், எடை எல்லாவற்றையும் சமமாக்க வேண்டும் என்கிறாள் தோழி. இரண்டாவது, எங்கள் ஓபியில் மாமியாரும் மருமகளும், அக்காவும் தங்கையும் ஒரே ஆட்டோவில் வருகிறார்கள். ஒருவருக்கு ஒரு பயிற்சி, இன்னொருவருக்கு வேறு என்றால் வீட்டுக்குப் போய் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்ள மாட்டார்களா? இருவரையும் ஒரே குரூப்பில் போட்டுவிடலாமா?

எண்கணக்கன்:

இரண்டாவதுக்கு முதலில். உங்கள் இஷ்டத்துக்குப் போட்டுவிடாதீர்கள், மிகப் பெரிய ஆய்வு ஒன்று அதில்தான் மாட்டியது. ஸ்பெயினில் பிரெடிமெட் என்று ஒன்று, ஆலிவ் எண்ணெய், பருப்புக் கொட்டைகள் சேர்த்த உணவு மாரடைப்பைத் தடுக்கிறதா என்று ஏறக்குறைய 7,400 பேரிடம் செய்தார்கள், 2013-இல் வெளியாகி உலகமே பேசியது. பிறகு பார்த்தால் ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவரைக் குலுக்காமல் முதலாமவர் குரூப்பிலேயே போட்டிருக்கிறார்கள், ஒரு இடத்தில் ஆளுக்கு ஆள் பிரிக்காமல் கிளினிக் கிளினிக்காகவே பிரித்திருக்கிறார்கள். 2018-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று. முடிவு பெரிதாக மாறவில்லை, ஆனால் முன்பு அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் அடக்கிச் சொல்ல வேண்டி வந்தது. வீட்டையே ஒரு அலகாக வைத்துக் குலுக்குவது தப்பில்லை, அதை முன்கூட்டியே எழுதி, கணக்கிலும் அப்படியே பார்க்க வேண்டும், மாமியாரும் மருமகளும் இரண்டு தனி ஆள் ஆக மாட்டார்கள். உங்களுக்கு 60 பேர்தானே, ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று தகுதியிலேயே எழுதிவிடுங்கள், வேலை மிச்சம்.

கிரேடுக்கு வழி எளிது. கிரேடு 2-க்கு ஒரு கவர்க் கட்டு, கிரேடு 3-க்கு இன்னொரு கட்டு, ஒவ்வொன்றிலும் தனியாக பிளாக் வரிசை. கிரேடு 3 எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாதே, ஒவ்வொரு கட்டிலும் கவர் தாராளமாக இருக்கட்டும், மீந்தால் பிரிக்காமலே வைத்துவிடலாம். கடைசி பிளாக் பாதியில் நின்று 29-31 ஆகலாம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோழி சொல்வதுபோல் எல்லாவற்றையும் சமமாக்கப் போனால், எடையை விட்டுவிட்டாலும் கிரேடு இரண்டு, ஆண் பெண் இரண்டு, வயது மூன்று, மொத்தம் 12 கட்டு ஆகிவிடும், ஒரு கட்டுக்கு ஐந்து பேர், பாதி பிளாக் பாதியில் நின்று போகும், சமம் செய்யப் போய் சமமே கெடும். முடிவை அதிகம் பாதிக்கும் ஒன்றை மட்டும் எடுங்கள்.

தனிவழி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நான்கைந்து விஷயம் சமமாக வேண்டும், ஆளோ குறைவு என்றால் மினிமைசேஷன் இருக்கிறதே, 1974-இல் டேவ்ஸ் சொன்னது, அடுத்த வருடம் போகாக்கும் சைமனும் விரித்து எழுதினார்கள். புதிதாக வருகிறவரை எந்தப் பக்கம் போட்டால் மொத்த ஏற்றத்தாழ்வு குறையும் என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டு அந்தப் பக்கம் போடுவது. 60 பேருக்கு 12 கட்டைவிட இது எவ்வளவோ மேல்.

எண்கணக்கன்:

மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியே செய்தால் இதுவரை சேர்ந்தவர் பட்டியல் கையில் இருக்கிறவருக்கு அடுத்த ஆள் எங்கே என்று கணக்குப் போடத் தெரியும், அதனால் நூற்றுக்கு எண்பது தடவை மட்டும் அந்தப் பக்கம் என்று கொஞ்சம் குலுக்கலும் சேர்ப்பார்கள். அதற்கு ஒவ்வொரு நோயாளிக்கும் யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். ஓபி கூட்டத்தில் ஒரு பிஜி மாணவியிடம் அதைக் கேட்பது கொடுமை.

சேத்துப்பட்டுக்காரன்:

கவர், சீட்டு என்றதும் ஒரு விஷயம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறதா என்று பிரிட்டனில் செய்த ஆய்வு 1948-இல் வெளியானது. புள்ளியியல் அறிஞர் பிராட்ஃபோர்ட் ஹில், ரேண்டம் எண் அட்டவணையிலிருந்து வரிசை எடுத்து, ஆண் பெண் தனியாக, மருத்துவமனை தனியாகப் பிரித்து, ஒட்டிய கவர்களில் போட்டு வைத்தார், வெளியே மருத்துவமனைப் பெயரும் எண்ணும் மட்டும். மருந்து கொடுத்த 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தார்கள், வெறும் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் 14 பேர். அப்போது பிரிட்டனிடம் மருந்து வாங்க டாலர் இல்லை, எல்லாருக்கும் கொடுக்க வழி இல்லாததால்தான் குலுக்கிக் கொடுப்பதில் மனசாட்சிக்கும் உறுத்தல் இல்லாமல் போயிற்று.

அதன் தொடர்ச்சி நம்மூரில் நடந்தது. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கி (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்), நோயாளிகளைக் குலுக்கிச் சிலரைச் சானடோரியத்துக்கும் சிலரை வீட்டுக்கும் அனுப்பி ஒரு வருடம் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். வீட்டிலோ நெருக்கடியான குடிசை, வேலைக்கும் போக வேண்டும். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-இல் எழுதினார்கள், வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை என்று பிறகு எழுதினார்கள். மருத்துவர்களே பார்த்து அனுப்பியிருந்தால் ரொம்ப முடியாதவர்களை எல்லாம் சானடோரியத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்கள், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

முட்டிவலி_பிஜி:

கமிட்டிக்குத் திருத்தி எழுதிவிட்டேன். கிரேடு வாரியாக இரண்டு கட்டு, பிளாக் அளவு புள்ளியியல் மேடத்துக்கு மட்டும் தெரியும், கவர் ஓபி சிஸ்டரிடம், ஒரு வீட்டுக்கு ஒருவர். பழுப்புக் கவரும் அலுமினியத் தாளும் வாங்கியாயிற்று. கார்பன் பேப்பர்தான் மூன்று கடையில் கேட்டும் இல்லை, "அதெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள்" என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற_கோஆர்டினேட்டர்:

கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர்களிடம் கேளுங்கள். கருப்பு வாங்குங்கள், நீலம் கையெல்லாம் ஒட்டும்.